துணி மேல மிதிக்காதீங்க, வாத்தியாரே

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். திருப்பூரில் முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தியவன். காரணம் இல்லாமல் காற்றுகூட வீசாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவன். இதை நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை. ஆனால் இதில் பாதியையாவது நம்பித்தான் ஆகவேண்டும், ஏனென்றால் அந்தப் பாதி என் குற்றம்.

அறுபதுகளின் நடுவில் ஒரு தை மாதம். வீரபாண்டிப் பக்கம் பனியன் துணி வெளுக்கும் பட்டறை வைத்திருந்த மைதீன் பாய் என் சிநேகிதர். நாகூரில் அவருக்கு ஒரு நேர்ச்சை இருந்தது, துணைக்கு என்னையும் அழைத்துப் போனார். அது முடிந்ததும் கோடிக்கரைக்குப் போகலாம் என்று பிடிவாதம் பிடித்தவன் நான்தான். சோழமண்டலக் கரை வடக்கிலிருந்து இறங்கி வந்து அந்த முனையில் சட்டென்று மேற்கே மடங்குகிறது. வருடாவருடம் வரைபடத்தில் பிரம்பால் அதைத் தொட்டுக் காட்டியிருக்கிறேன், கண்ணால் பார்த்ததில்லை.

"கடலத்தான் பாத்தாச்சே, இன்னுங் கோடியில போயி என்னத்தப் பாக்கறதுங்க?" என்று சிரித்தார் பாய். ஆனாலும் வந்தார்.

கிழக்கிலும் தெற்கிலும் கடல், மேற்கே சதுப்பு. நடுவே மணல்மேடுகளின் மேல் பாலை மரக்காடு. வெளிமான்களும், யாரோ எப்போதோ விட்டுப்போன குதிரைகளின் வம்சமும் அதில் திரிந்தன. கரையோரம் ஒரு செங்கல் தூண் இடிந்து கிடந்தது. சோழர் காலத்தில் கப்பல்களுக்கு விளக்கேற்றிய இடம் என்றார்கள். அதன்மேல் கைவைத்துக்கொண்டு, அங்கிருந்து இலங்கைக்குப் போன படகுகளைப் பற்றிப் பாய்க்கு ஒரு மணி நேரம் சரித்திரம் சொன்னேன். பாவம், கேட்டுக்கொண்டு நின்றார்.

என் பையில் ஒரு பழைய வரைபடம் இருந்தது. சதுப்பின் குறுக்கே அதில் புள்ளிபுள்ளியாக ஒரு பாதை போட்டிருந்தது. அதில் நடந்து பார்க்க ஆசைப்பட்டேன். வழிகாட்ட அங்கேயே ஓர் ஆளைக் கூட்டிக்கொள்ளலாம் என்றார் பாய். "மேப் இருக்குது பாய், ஆள் எதுக்கு?" என்றேன் நான்.

காட்டைத் தாண்டும்போது உச்சி வெயில். தரை முழுக்க வெள்ளையாக உப்புப் பொருக்கு, நீளநீளப் பட்டைகளாக. இடையிடையே கறுத்த கோடுகளில் உமரிச் செடி குட்டையாக முளைத்திருந்தது.

"நம்ம களம் மாதிரியே இருக்குதுங்க! வெளுத்த துணியக் காயப் போட்டாப்பல." பாய் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கறுப்புக் கோட்டில் கால் வைத்தார். அவர் பட்டறைக் களத்தில் துணிகளுக்கு நடுவில் விட்டிருக்கும் சந்தில்தான் யாரும் நடக்கவேண்டும். நானே பலமுறை திட்டு வாங்கியிருக்கிறேன். அந்த நினைப்பில் கேலியாகச் சொன்னார்: "துணி மேல மிதிக்காதீங்க, வாத்தியாரே."

எங்கள் ஊரில் குளம் வற்றினால் வெளுத்த இடம் கெட்டி, கறுத்த இடம் சேறு. "கறுப்புல ஈரமிருக்கும் பாய், வெள்ளையில வாங்க. பூகோளம் படிச்சது நானா, நீங்களா?"

"நீங்க சொன்னாச் செரிங்க" என்று வெள்ளைக்கு வந்தார்.

நூறடி போயிருப்போம். என் பின்னால் அப்பளம் நொறுங்குவது போல ஒரு சத்தம். திரும்பினால் பாய் இடுப்புவரை உள்ளே நின்றார். கையை நீட்டினார். என் காலும் கணுக்கால்வரை இறங்கிக்கொண்டிருந்தது. நான் கையை நீட்டவில்லை. இதை இன்றுதான் சொல்கிறேன். "ஆளக் கூட்டியாறேன்" என்று கத்திவிட்டு ஓடினேன்.

எந்தப் பக்கம் ஓடினேன் என்று தெரியாது. கானலில் காடு நாலு திசையிலும் மிதந்தது. காற்று மாறி, தண்ணீர் மெல்லிசாக உப்பின் மேல் பரவி வந்தது. அப்போதுதான், நம்பினால் நம்புங்கள், என் வலது தோளுக்குப் பின்னால், மூச்சுப்படுகிற தூரத்தில் அந்தக் குரல்: "துணி மேல மிதிக்காதீங்க, வாத்தியாரே."

தப்பித்து வந்துவிட்டார் என்று திரும்பினேன். யாருமில்லை. அவர் நின்ற இடத்திலும் எதுவுமில்லை, ஒரே வெள்ளை. உமரி முளைத்த கோட்டுக்குத் தாவினேன். கெட்டியாக இருந்தது. பயத்தில் கால் தவறி வெள்ளையில் பட்டபோதெல்லாம் அதே குரல், அதே மரியாதையோடு. அதில் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. காட்டின் முதல் மரத்தைத் தொட்டதும் அது நின்றது.

என் கூச்சல் கேட்டு உப்பளத்து ஆட்கள் கயிறும் பலகையுமாக ஓடினார்கள். "உமரி மொளச்ச எடமா பாத்துல்ல நடக்கணும், யாருய்யா வெள்ளையில போவச் சொன்னா?" என்று ஒருவர் கேட்டார். "நான் வேண்டாம்னுதான் சொன்னேன். அவர்தான் போனார்" என்றேன். பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட்டார்கள். உயிரில்லை. அந்தப் பக்கத்து ஜமாத்தாரே மறுநாள் காலையில் அடக்கம் செய்தார்கள். இறந்த செய்தியை மட்டும் ஊருக்குத் தந்தி அடித்தேன்.

திருப்பூர் வந்து அவர் மனைவி ஜமீலாவிடமும் அதே பொய்யைச் சொன்னேன். கதவோரம் நின்று முழுவதும் கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"அப்படீங்களா? தந்தி வர்றதுக்கு முந்துன நாளு மத்தியானம் களத்துல வந்து நின்னாருங்க. 'துணி மேல மிதிக்காதீங்கன்னு சொன்னேன், வாத்தியாரு கேக்கல'ன்னாரு. ஓடிப்போயிப் பாத்தா ஆளக் காணமுங்க."

என்னைக் கூட்டிப் போய்க் காட்டினார். இரண்டு துணிகளுக்கு நடுவில், செம்மண்ணில், இரண்டு பாத அளவுக்கு வெள்ளை. "தண்ணி ஊத்தி ஊத்திப் பாத்தனுங்க, போகலீங்க." வெளுப்புக் காரம் சிந்தியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. கோடிக்கரை அங்கிருந்து இருநூறு மைல்.

அந்த அம்மா யாரிடமும் சொல்லவில்லை, என்னிடமும் மறுபடி கேட்கவில்லை. அவர் இருந்தவரை உண்மையைச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. இப்போது அவரும் இல்லை.

பட்டறை இருந்த இடத்தில் இன்று ஒரு பனியன் கம்பெனி. போன மாதம் அந்த வழியாகப் போனபோது வாசலில் வாட்ச்மேன் கொத்தனாரிடம் அலுத்துக்கொண்டிருந்தார்: "எத்தன தடவ சிமிட்டி பூசுனாலும் அந்த ரெண்டு எடத்துல மட்டும் உப்புப் பூத்துருதுங்க."

ஓதம் என்று கொத்தனார் சொன்னார். இருக்கலாம். நான் உள்ளே போய்ப் பார்க்கவில்லை.