கீயை மாற்றிய காலை

"அந்த வரியத்தான் அழிச்சிட்டேனே, இன்னும் என்னத்தப் பாத்துக்கினு இருக்குற?" என்று என் பக்கத்து இருக்கைத் தோழி நாற்காலியைத் திருப்பிக் கேட்டது இப்போதும் காதில் விழுகிறது. செவிலிமேட்டில் ஒரு மாடி அறைதான் எங்கள் அலுவலகம். பட்டுக்கடை ஒன்றுக்குப் பைத்தான் என்ற கணினி மொழியில் நிரல் எழுதிக்கொண்டிருந்தோம். கடைக்காரர் வரைய வைத்த புதுப் பார்டர் டிசைன்கள் எல்லாம் ஒரு சர்வரில் இருந்தன. அதைத் திறக்கும் கீயை, கடவுச்சொல் மாதிரியான ரகசிய எழுத்துக்கோவையை, அவள் அவசரத்தில் நிரலுக்குள்ளேயே எழுதி, இணையத்தில் யாரும் பார்க்கக்கூடிய பொது இடத்தில் ஏற்றிவிட்டாள். காலையில் நான்தான் கண்டேன்.

வரியை அழித்தால் திரையில்தான் போகும். நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் சேமிக்கும் கிட் என்ற மென்பொருள் பழைய பிரதிகளையெல்லாம் வைத்திருக்கும்; தேடுகிறவர்களுக்கு ஒரு கட்டளை போதும். அந்தக் கீயையே செல்லாததாக்கிப் புதிதாக ஒன்று போட வேண்டும். அப்படிச் செய்தால், பழைய கீயால் டிசைன்களைக் காட்டும் கடைத் திரைகள் கொஞ்ச நேரம் நின்றுபோகும். அதுவோ முகூர்த்தச் சீசன். எனக்குப் பிரசவ விடுப்பு முடிந்த புதிது. குழந்தையை விட்டு வந்த பதற்றத்தில் எல்லாம் பெரிதாகத் தெரிகிறதோ என்று என்னையே சந்தேகித்தேன். கீயை மாற்றணும் என்று சொன்னேன், சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொண்டேன், மறுபடி சொன்னேன்.

அவள் நெசவு வீட்டுப் பெண். புதுப் பார்டர் தறியில் இருக்கும்போது வெளியாள் வந்தால், நெய்த பாகத்தைத் துணி போட்டு மூடுவது இங்கே வழக்கம். மூடினால் போதும் என்ற அந்தப் பழக்கம்தான் அவளை ஏமாற்றியது என்று நினைக்கிறேன். "மூடியாச்சுல்ல, விடும்மா. தூங்குற குழந்தைய மூக்குல கை வச்சுப் பாக்குற ஆளு நீ" என்றாள். சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

"துணி போடறதுக்கு முன்னாடியே ஒருத்தன் பாத்துட்டா உங்க வீட்ல என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டேன்.

"ஒருவாட்டி பாத்துட்டான். அப்பா தறியிலேர்ந்து அந்த டிசைன் அட்டையவே கழட்டிட்டாரு. பாதிப் புடவை வீணாப்போச்சுன்னு அம்மா ரொம்ப நாள் பேசல" என்றாள். பிறகு என்னைப் பார்க்காமலே போனை எடுத்தாள். "அண்ணே, கடைல ஸ்கிரீன் கொஞ்ச நேரம் நிக்கும். தப்பு என்னோடதுதான்."

"கல்யாணப் பார்ட்டி உக்காந்துக்கினு இருக்குதும்மா, இப்பவா?" என்று கடைக்காரர் கேட்டது எனக்கும் கேட்டது.

கீயை மாற்றினோம். புதியதை நிரலுக்கு வெளியே தனிக் கோப்பில் வைத்து, கிட் அதைத் தொடாதபடி செய்தோம். நிரல் கிட்டில் பதிவாகும் முன்பே இப்படிப்பட்ட கீயைப் பிடித்து நிறுத்தும் கருவியையும் போட்டோம். திரைகள் உயிர் பெற்றபோது கல்யாண வீட்டார் வேறு கடைக்குப் போய்விட்டிருந்தார்கள். கடைக்காரர் அவளிடம் முகம் கொடுத்துப் பேச வெகுநாள் ஆயிற்று.

அந்தக் கீயை யாராவது எடுத்தார்களா என்பது கடைசிவரை தெரியவில்லை. சர்வருக்குள் யார் வந்து போனார்கள் என்று காட்டும் பதிவை யாரும் இயக்கி வைத்திருக்கவில்லை. டிசைன்களைக் காப்பாற்றினோமா, ஒரு வியாபாரத்தை வீணாகக் கெடுத்தோமா? கருவி எல்லாம் சரி என்று பச்சை காட்டிய பிறகும் இன்றும் நான் நிரலை வரி வரியாகப் பார்க்கிறேன். இப்போது சென்னையில் வேலை செய்யும் அவளிடம் போனில் அதையே மறுபடி கேட்டேன்.

"யாருக்குப்பா தெரியும்?" என்றாள். "இங்க எங்க டீம்ல யாராவது கீய வெளிய விட்டுட்டா நான் திட்டறதில்ல. போனைக் கைல குடுத்து, கஸ்டமருக்கு நீயே சொல்லுன்றேன்."