டெக்கில் மாட்டிய பாட்டுகள்

கார் ஸ்டீரியோ ரிப்பேர் பார்க்கிறவனுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும்: டெக்கில் மாட்டிக்கொள்கிற கேசட் எப்போதும் பிடித்த கேசட்தான். பிடிக்காததை யாரும் உள்ளேயே விட்டுவைப்பதில்லை. பிடித்ததைத்தான் வெயிலிலும் தூசியிலும் மாதக்கணக்கில் ஓடவிடுவார்கள். ஒருநாள் அது வெளியே வரமாட்டேன் என்று அடம்பிடித்ததும், "ஸ்டீரியோ போனாப் போகுது, கேசட்டைக் காப்பாத்துங்க" என்று ஓடிவருவார்கள். பென்சிலை விட்டுச் சுற்றி, இடுக்கியால் இழுத்து, கடைசியில் டேப்பைக் குடல் மாதிரி கையில் பிடித்துக்கொண்டு விழித்தவர்கள் உங்களில் எத்தனை பேரோ, அத்தனை பேரும் எனக்குச் சொந்தக்காரர்கள்.

தொண்ணூறுகளில் என் கடை ஜோகுபாளையத்தில் இருந்தது. ஒரு ஷட்டர் அகலம்தான். டெக் திறக்கிற வேலை எனக்கு. வண்டிக்குள் தலைகீழாகப் படுத்து ஒயர் இழுக்கிற வேலை கூட்டாளி அப்சல் பாய்க்கு. பகலில் சத்தம் காதைப் பிளக்கும் தொழில் இது. இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நானும் ஒரு மழைக்காலம் வரைக்கும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒயர் கூடையில் வந்தது

அந்த மழைக்காலத்தின் முதல் வாடிக்கையாளர் மெர்சி டீச்சர். காக்ஸ் டவுனில் வீடு, பக்கத்திலேயே பள்ளிக்கூடம். ஒயர் கூடையிலிருந்து ஒரு டெக்கை எடுத்து மேஜைமேல் வைத்தார். முகப்பு அப்பளமாக நொறுங்கியிருந்தது. குமிழ்கள் எல்லாம் உடைந்து உள்ளே போயிருந்தன. கேசட் மட்டும் உள்ளே அப்படியே இருந்தது. பார்த்ததுமே எந்த மாதிரி வண்டியிலிருந்து வந்தது என்று புரிந்துவிட்டது. "டீச்சர், இது இனிமே பாடாது" என்றேன். "பாட வேண்டாம் தம்பி. வண்டி மோதினப்ப இது பாடிட்டிருந்துச்சா இல்லையா, அது மட்டும் எனக்குத் தெரியணும்" என்றார்.

ஒரே மகன் சுனில். பொம்மசந்திராவில் கம்பெனி வேலை, தினமும் காரில் போவான். துபாய் வேலைக்குப் போகிறேன் என்று அவன் சொல்ல, போகக்கூடாது என்று இவர் சொல்ல, அன்று காலை பெரிய சண்டை. சாப்பிடாமல் கிளம்பிவிட்டான். ஓசூர் ரோட்டில் நின்றிருந்த லாரியின் பின்னால் போய் மோதினான். உள்ளே இருக்கும் கேசட், அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து வாங்கிய பழைய டூயட் தொகுப்பு. சர்ச்சுக்குப் போகும்போதெல்லாம் ஆண் குரலை அவன் பாடுவானாம், பெண் குரலை இவர். "கோவமா இருந்தான்னா பாட்டே போட மாட்டான் தம்பி. அன்னைக்குப் பாட்டு ஓடியிருந்தா கோவம் தணிஞ்சிடுச்சுன்னு அர்த்தம்" என்றார். முதலில் ஓடிப்போய்த் தூக்கியவர் ரோட்டோரத்து இளநீர்க்காரர். ஓடும்போது ஏதோ பாட்டு கேட்டது, கார் கதவைத் திறப்பதற்குள் நின்றுவிட்டது என்று அவர் சொல்லியிருக்கிறார். ஆனால் அங்கே பக்கத்தில் ஒரு கோயில், ஆடி மாதம், ஒலிபெருக்கி. அவர் கேட்டது எந்தப் பாட்டோ?

வால்யூம் குமிழை இடதுகோடிக்குத் திருப்பினால் ஸ்டீரியோ ஆஃப் ஆகிவிடும். குமிழ் உடைந்தாலும் அதன் பின்னால் இருக்கிற சுவிட்ச் இரும்புப் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கும். அது ஆனில் இருந்தால் பாட்டு ஓடியிருக்கிறது. ஆஃபில் இருந்தால் ஓடவில்லை. திறந்தால் தெரிந்துவிடும் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். டீச்சர் எழுந்துகொண்டார். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார். "கேசட்டை மட்டும் சுத்திடாதீங்க தம்பி. எங்க நின்னுச்சோ அங்கயே இருக்கட்டும்."

ஸ்பீட் பிரேக்கரில் ஏறுகிறவர்

அரை மணி நேர வேலை. எனக்குத்தான் கை வரவில்லை. ஆஃப் என்று வந்தால் அந்த அம்மாவிடம் என்ன சொல்வது? டெக்கைத் தலைக்கு மேலே இருந்த பலகையில் வைத்துவிட்டு, வருகிற வேலையை எல்லாம் இழுத்துப் போட்டுச் செய்தேன். அப்போதுதான் முனிசாமி வேனோடு வந்தார். பொம்மசந்திரா ஃபேக்டரிக்குக் காலை ஷிப்டுக்கு ஆள் ஏற்றுகிற வேன். "ஸ்டீரியோ தானாப் பாடுது குரு" என்றார். அவருக்கு எல்லோருமே குருதான். எங்கே பாடுகிறது என்று கேட்டால், தினமும் ஒரே இடத்தில். ஒரு ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கியதும் உள்ளே இருக்கிற பக்திப் பாட்டுக் கேசட் ஓட ஆரம்பித்துவிடுகிறதாம்.

அப்சல் பாய் டேஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டார். பவர் ஒயர் லூஸ். குதிக்கும்போது தொட்டுக்கொள்கிறது. ஈயம் வைத்து இறுக்கிக் கொடுத்து, பேயை ஓட்டிவிட்டோம் என்று இருவரும் சிரித்தோம். மறுவாரமே முனிசாமி திரும்பி வந்தார். வண்டியை விட்டு இறங்கவில்லை, ஜன்னல் வழியாகவே பேசினார். அந்த ஸ்பீட் பிரேக்கர் ஒரு ஸ்டாப்பாம். வெல்டர் ஒருவர் தினமும் அங்கேதான் ஏறி, ஏறியதும் அந்தக் கேசட்டைப் போடச் சொல்வாராம். போன வருஷம் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். ஸ்டீரியோ தானாகப் பாட ஆரம்பித்தது அதற்கப்புறம்தான்.

அந்த இடத்தில் மட்டும்தான் வேன் குதிக்கிறதா, ஓசூர் ரோடு முழுக்கக் குதிக்கத்தானே செய்கிறது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் சொன்னார்: "ஒயரைப் பழையபடி லூசாவே உட்டுடு குரு. அவரு ஏறலைன்னா வேன்ல யாருக்கும் உக்கார மனசு வரல."

காலி வண்டி

சவ வண்டி ஓட்டுகிறவர்களும் எனக்கு வாடிக்கையாளர்கள். ஆஸ்பத்திரியிலிருந்து உடலை ஏற்றிக்கொண்டு வேலூர், தருமபுரி என்று சொந்த ஊரில் சேர்த்துவிட்டு வருவார்கள். தூக்கம் வராமலிருக்க பாட்டு வேண்டும்தானே. ராஜேந்திரன் என்று ஒருவர் இருந்தார். முன்னால் இரண்டு ஸ்பீக்கர் வைத்துக்கொடுத்தேன். நாதஸ்வரக் கேசட் ஒன்றுதான் எப்போதும் போடுவார். தன் கல்யாணத்தன்று வாசித்த அதே கோஷ்டியின் ஆல்பமாம். பெண்டாட்டி நினைப்பு வந்தால் பயம் போய்விடும் என்பார்.

ஒருநாள் வந்து, பின்னால் ஏதோ ஆடுகிறது, பாருங்கள் என்றார். அப்சல் பாயும் நானும் உள்ளே ஏறித் தட்டிப் பார்த்தோம். ஸ்டிரெச்சர் கொக்கி இறுக்கமாகத்தான் இருந்தது. தகரத்தையும் ஆட்டிப் பார்த்தோம், அசையவில்லை. எப்போது சத்தம் வருகிறது, பாரம் ஏற்றியிருக்கும்போதா என்று கேட்டேன். ராஜேந்திரன் பின்கதவைச் சாத்திவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்: "போறப்ப ஒரு சத்தமும் இல்லைண்ணே. எறக்கி விட்டுட்டு வண்டி காலியாத் திரும்பறப்பதான் பின்னாடி யாரோ தாளம் போடறாங்க."

முங்கி எழுந்த குரல்

இதற்கிடையில் மெர்சி டீச்சர் பள்ளி விட்டுப் போகும்போது வந்து எட்டிப் பார்ப்பார். கேட்க மாட்டார். பலகையை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை. நான் ஸ்பேர் கிடைக்கவில்லை, கரெண்ட் இல்லை என்று ஏதாவது உளறுவேன். திறந்து பார்ப்பதற்கு என்ன ஸ்பேர் வேண்டும்? அவரும் கேட்கவில்லை. நல்ல பதிலுக்குக் காத்திருக்கிறவர்கள் அவசரப்படுவதில்லை என்று அப்போதுதான் கண்டுகொண்டேன்.

அந்த நாட்களில்தான் கார்த்திக் வந்தான். சேலத்துப் பையன், கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்து பழைய கார் ஒன்று வாங்கியிருந்தான். ஸ்டீரியோ சண்டே மார்க்கெட்டில் வாங்கியது. அங்கே விற்கிற ஸ்டீரியோ எந்தக் காரிலிருந்து கழன்று வந்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் விலை ஏறிவிடும். உள்ளே ஒரு கன்னடப் பாட்டு ஆல்பம் மாட்டிக்கொண்டிருந்தது. எடுக்க வேண்டுமென்றால் டெக்கையே பிரிக்கணும், அடுத்த வாரம் வா என்றேன். அடுத்த வாரம் அவன் வரவில்லை. அந்த ஆல்பம் அவனுக்குப் பிடித்துப்போயிற்று. அர்த்தம் தெரியாமலே எல்லாப் பாட்டையும் மனப்பாடம் செய்துவிட்டான். ஓரிடத்தில் டேப் இழுபட்டிருந்தது. அங்கே பாடகரின் குரல் கிணற்றில் முங்கி எழுந்த மாதிரி தொங்கிப் போய் வரும். அதையும் சேர்த்தே அவன் பாடுவான்.

பிறகு ஒரு மத்தியானம் முகமெல்லாம் வெளுத்து வந்தான். அல்சூர் சிக்னலில் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பாடிக்கொண்டு நின்றிருக்கிறான். பக்கத்தில் ஸ்கூட்டரில் இருந்தவர் திரும்பி அவனையே பார்த்தாராம். பச்சை விழுந்தும் நகரவில்லை. ஓரங்கட்டச் சொல்லி, காருக்குள் குனிந்து ஸ்டீரியோவைத் தடவிப் பார்த்திருக்கிறார். திருட்டுச் சாமானுக்குப் போலீஸைக் கூப்பிடப் போகிறார் என்று இவன் நடுங்கியிருக்கிறான். அவர் அதைப்பற்றி ஒன்றுமே கேட்கவில்லையாம். சொன்னதெல்லாம் இவ்வளவுதான்: "எங்க அண்ணன் அந்த எடத்துல இப்படித்தான் முங்கிப் பாடுவாரு சார். அவர் போனப்புறம் இன்னைக்குத்தான் கேக்கறேன், இன்னொரு தடவ பாடுங்க."

இரண்டு முழம்

கார்த்திக் போனதும் அப்சல் பாய் பலகையிலிருந்து டீச்சரின் டெக்கை இறக்கி என் முன்னால் வைத்தார். "அண்ணா, நீங்க தொறக்கலைன்னா நான் தொறப்பேன். அந்தம்மா மூஞ்சியைப் பார்க்க முடியல" என்றார். மறுநாள் சாயங்காலம் டீச்சர் வந்தபோது, அவரை உட்காரவைத்து அவர் எதிரிலேயே திருகாணிகளைக் கழற்றினேன். ஒளித்துத் திறந்து, பிறகு வார்த்தையைத் தேடுகிற தைரியம் எனக்கில்லை.

மேல்தகட்டை எடுத்தேன். சுவிட்சில் மீட்டரை வைத்தேன். ஆஃப். இன்னொரு தரம் வைத்துப் பார்த்தேன். ஆஃப்தான். மோதலில் குமிழ் நொறுங்கும்; ஆஃப் ஆகும் அளவுக்கு இடதுபக்கம் திரும்பாது. என் முகத்திலேயே அவர் பதிலைப் படித்திருக்க வேண்டும். "போடலையா?" என்றார். அந்த ஒரு சொல்லைச் சொல்லும்போது அவருக்கு வயது பத்து கூடின மாதிரி இருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பொய் சொல்லியிருக்கலாமே, இந்தப் பாழாய்ப்போன மீட்டரை அவர் எதிரில் ஏன் வைத்தேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

கேசட்டையாவது கொடுத்துவிடலாம் என்று, சுற்றாமல், மெதுவாக வெளியே எடுத்தேன். விரலில் நறநறவென்று ஏதோ பட்டது. கண்ணாடித் தூள். காரின் முன்கண்ணாடி உடைந்து, கேசட் வாய் வழியாக உள்ளே தெறித்திருக்கிறது. அதுகூட ஆச்சரியமில்லை. டேப்பை விளக்குக்கு நேரே பிடித்தேன். ஓடி முடித்த பக்கத்தில் கடைசிச் சுற்றுகளுக்கு நடுவே தூள் அரைபட்டு மின்னியது. இடுக்கியால் இழுத்துப் பார்த்தேன். நேராக ஒரு கீறல், சுமார் இரண்டு முழத்துக்கு. அதற்கு முன்னால் டேப் பளபளவென்று இருந்தது.

இதற்கு ஒரே அர்த்தம்தான். கண்ணாடி உடைந்தபோது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. உடைந்த பிறகும் இரண்டு முழம் ஓடியிருக்கிறது. இளநீர்க்காரர் கேட்டது கோயில் பாட்டு இல்லை. "டீச்சர், பாட்டு ஓடியிருக்கு! கோவமா போகல டீச்சர் உங்க பையன்!" என்று கத்தியே விட்டேன். அவர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அப்சல் பாய் எழுந்து வெளியே போய்விட்டார்.

அழுது ஓய்ந்த பிறகு டீச்சர் நிமிர்ந்தார். கணக்கு டீச்சர் அவர். "அப்போ சுவிட்ச் ஏன் ஆஃப்ல இருக்கு?" என்று கேட்டார். மோதின பிறகும் ஓடிய பாட்டு, ஆள் வந்து கதவைத் திறப்பதற்குள் நின்றிருக்கிறது. உள்ளே இருந்தது சுனில் மட்டும்தான். மோதின நிமிஷமே உயிர் போய்விட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஒயர் அறுந்து பாட்டு நின்றிருக்கலாம், பிற்பாடு டெக்கைக் கழற்றினவன் குமிழைத் திருப்பியிருக்கலாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். டீச்சருக்கு அந்த விளக்கம் தேவைப்படவில்லை. கேசட்டைக் கைக்குட்டையில் சுற்றி, ஒயர் கூடையில் வைத்துக்கொண்டு, தெரிந்த பதிலைச் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னார்: "வண்டியை விட்டு எறங்கறதுக்கு முன்னாடி பாட்டை நிறுத்திட்டுத்தான் எறங்குவான் தம்பி, சின்னதுலேருந்தே அப்படித்தான்."

பாட்டு வரவில்லை என்று வருகிறவர்களை எப்படியும் சமாளித்துவிடலாம்; பாட்டு எப்போது நின்றது என்று கேட்டு யாராவது வந்தால் மட்டும், ஷட்டரை இறக்கிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவது இந்தத் தொழிலில் உத்தமம்.