மூன்று டாக்டர்கள் சொன்ன சாப்பாடு

என் கணவருக்கு முதலில் வந்தது சர்க்கரை. அப்போது அவருக்கு நாற்பது வயது. பெங்களூர் அடுகோடியில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தார். அப்புறம் ரத்தக்கொதிப்பு வந்தது. அதன் பின்னாலேயே இதயம், கடைசியில் கிட்னி. தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் நீலசந்திரா வீட்டில் ஒரே ஆளுக்கு மூன்று ஃபைல்கள் இருந்தன. மூன்றையும் மூன்று டாக்டர்கள் பார்த்தார்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்தாரா என்பது எனக்குத் தெரியாது.

சர்க்கரை டாக்டர் கீரை, பருப்பு நிறைய கொடுக்கச் சொன்னார். கிட்னி டாக்டர் இரண்டையும் கண்ணிலேயே காட்டக் கூடாது என்றார். உப்பும் எண்ணெயும் வேண்டாம் என்று இதயத்துக்குப் பார்த்தவர் சொன்னார். நன்றாகத் தண்ணீர் குடிக்க வேண்டுமென்று ஒரு இடத்தில் சொன்னால், இன்னொரு இடத்தில் அதையும் அளந்து குடிக்கச் சொல்வார்கள். நான் காய்களை நறுக்கி, வெந்நீரில் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு வேகவைப்பேன். தட்டில் வைத்தால் அது சாம்பல் நிறத்தில் இருக்கும்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. ரெடிமேட் துணி ஃபேக்டரி ஒன்றில் எனக்குச் செக்கிங் வேலை. காலை எட்டு மணி பஸ்ஸைப் பிடிப்பதற்குள் அவருக்கு இன்சுலின் ஊசி போட்டு, கால்விரல்களுக்கு இடையே புண் இருக்கிறதா என்று பார்த்து, மதியத்துக்கு எடுத்து வைத்து, எந்த மாத்திரை எப்போது என்று சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டும். பகல் முழுக்க நின்றபடி காலர்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் அவருடைய கால்களைப் புரட்டிப் பார்ப்பேன். இரண்டையும் ஒரே கண்ணோடுதான் பார்த்தேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பார்வை மங்கியதும் அவர் வேலையை விட வேண்டியதாயிற்று. நாலு பேரைக் கூட்டி வைத்துக்கொண்டு சிரிக்கச் சிரிக்கப் பேசுகிற மனிதர். இப்போது ஜன்னல் பக்கம் உட்கார்ந்தே இருந்தார். வீட்டில் எங்கள் பேச்செல்லாம் "மாத்திரை போட்டீங்களா?", "போட்டேன்" என்பதோடு முடிந்துவிட்டது.

ஒருநாள் ஃபேக்டரியில் கரண்ட் போய், மதியமே அனுப்பிவிட்டார்கள். எங்கள் தெருமுனை பேக்கரி வாசலில் அவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பட்டறைக் கூட்டாளி ஒருவர். இருவர் கையிலும் ஒரே டீயை இரண்டாகப் பிரித்த பை டூ டீ. என் கணவரின் மடியில் காகிதத்தில் பாதி தின்ற தில்பசந்த். தேங்காயும் டூட்டி ஃப்ரூட்டியும் வைத்த அந்த இனிப்பு ரொட்டி அவருக்கு உயிர்.

நான் தெரு என்றும் பார்க்கவில்லை.

"நாயா உழைச்சு உங்கள உயிரோட வெச்சிருக்கேன், இங்க உக்காந்து விஷத்தத் தின்றீங்களா?"

கூட்டாளி எழுந்து நின்றுவிட்டார். என் கணவர் காகிதத்தை மடித்துக் கீழே வைத்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கேட்டார்: "நான் உனக்குப் புருஷனா, பேஷண்டா? ஒண்ணு சொல்லிடு."

அன்று ராத்திரி ஊசி போட்டுக்கொண்டவர் சாப்பிட மறுத்துவிட்டார். நானும் வீம்பாக விட்டுவிட்டேன். அது என் தப்பு.

விடியற்காலையில் அவர் உளறுகிற சத்தம் கேட்டு எழுந்தேன். உடம்பெல்லாம் தெப்பமாக வேர்த்திருந்தது. என்னை யாரென்று கேட்டார். சாப்பிடாமல் ஊசி போட்டதில் சர்க்கரை ஒரேயடியாக இறங்கியிருந்தது. அவர் கண்ணில் படக்கூடாதென்று அரிசி டின்னுக்குள் நானே ஒளித்து வைத்திருந்த சர்க்கரையை எடுத்துக் கரைத்து, ஸ்பூன் ஸ்பூனாக வாயில் விட்டேன். பாதி அவர் சட்டையில் கொட்டியது. கால் மணி நேரம் கழித்து அவர் என்னைப் பார்த்து, "ஏன் அழற?" என்றார்.

அன்றே ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழக்கமான சர்க்கரை டாக்டர் லீவ். அவருக்குப் பதில் ஒரு இளம் பெண் டாக்டர், கன்னடக்காரர். மூன்று ஃபைல்களையும் மேஜையில் பிரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் படித்தார். பிறகு என்னை விட்டுவிட்டு அவரைப் பார்த்து, "நிமகே ஏனு பேக்கு?" என்று கேட்டார். உங்களுக்கு என்ன வேண்டும் என்று.

அத்தனை வருஷத்தில் யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

அவர், "பட்டறைக்குப் போய் உக்காரணும், மேடம். வேலை வேணாம், சும்மா உக்காந்தா போதும். வாரத்துல ஒரு நாள் வாய்க்கு ருசியா சாப்பிடணும்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பாமலேயே, "இவ கொஞ்சம் தூங்கணும்" என்றார்.

டாக்டர் மற்ற இருவருக்கும் அங்கிருந்தே போன் செய்தார். மாத்திரைகளில் சில குறைந்தன, ஊசியின் அளவும் குறைந்தது. மூன்று சாப்பாட்டுத் தாள்களுக்குப் பதிலாக ஒரே தாளில் எழுதிக் கொடுத்தார். "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வர வேற யாரும் இல்லையா உங்களுக்கு?" என்று என்னிடம் கேட்டார். இல்லை என்றுதான் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் ஒருத்தர் இருந்தார்.

ஜீவனஹள்ளியில் என் கணவரின் அக்கா இருந்தார். அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். எப்போது வந்தாலும் "தம்பிய இப்படி எலும்பா ஆக்கிட்டியே" என்று சொல்லிவிட்டுப் போகிறவர். அதனாலேயே அவரிடம் நான் ஒரு உதவியும் கேட்டதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன்.

"அண்ணி, என்னால முடியல. வாரத்துல ஒரு நாள் நீங்க வந்து பாத்துக்குங்க."

குறை சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் என் முகத்தையே பார்த்தார்.

"இத்தன வருஷமா ஏன் கேக்கல? நீ கூப்பிடாம வந்தா, உன் வீட்டுக்குள்ள தலையிடறேன்னு நெனப்பியோன்னு இருந்தேன்."

வியாழக்கிழமைகளில் அண்ணி வந்தார். பட்டறைக்கு ஆட்டோவில் அழைத்துப்போய் விட்டுவிட்டு, மதியம் போய்க் கூட்டிவருவார். அன்று ஒரு நாள் மட்டும் சமையலில் கொஞ்சம் உப்பும் தாளிப்பும் இருக்கும். பட்டறையில் ஓடுகிற மிஷினின் சத்தத்தை வைத்தே டூல் மழுங்கிவிட்டதா என்று சொல்கிறாராம். சாயங்காலம் அதை என்னிடம் சொல்லும்போது பழைய குரல் வந்திருந்தது. நான் அண்ணி இருக்கும் நாளில் வீட்டுக்கு வந்ததும் படுத்துவிடுவேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அடுத்த வருஷம் ஒரு கால்விரலை எடுத்தார்கள். கண் முழுசாகப் போனது. அண்ணிக்கும் எனக்கும் ரசத்தில் எவ்வளவு உப்பு என்று சண்டை வந்து, ஒரு மாதம் பேசாமல் இருந்தோம். அப்போதும் அவர் வியாழக்கிழமை தவறாமல் வந்தார், நான் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போனேன். இப்படியே நாலு வருஷம் போயிற்று. சில நாட்கள் என் கணவர் சீக்கிரம் போய்விட்டால் தேவலை என்றுகூட நினைத்திருக்கிறேன். நினைத்துவிட்டு, அவருக்குக் காலைத் துடைத்துவிட்டிருக்கிறேன்.

ஒரு வியாழக்கிழமை மதியம், நான் ஃபேக்டரியில் இருந்தபோது அவர் போய்ச் சேர்ந்தார். அன்று காலை அண்ணியிடம், பட்டறைக்கு வேண்டாம், அசதியாக இருக்கிறது என்றாராம்.

"நீ இல்லாத நேரத்துல போயிட்டானேன்னு மனசக் கொழப்பிக்காத," என்று அண்ணி சொன்னார். "ரெண்டு வாய் கூடவே சாப்பிட்டான். அவ வந்தா எழுப்புன்னு சொல்லிட்டுப் படுத்தான்."

காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு அண்ணி மட்டும் இருந்தார். எனக்கு அழுகை வரவில்லை, தூக்கம்தான் வந்தது. பகலென்றும் பாராமல் தூங்கினேன். சோறு ஆறிப்போகிறது என்று அவர் இரண்டு தடவை எழுப்பிப் பார்த்திருக்கிறார். மூன்றாம் தடவை போர்வையை இழுத்து மூடிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.