காஞ்சிபுரத்தில் ஒரு மல்லி டீயும் கௌரியின் மூக்கும்

பட்டு எடுக்கவோ கோயில் பார்க்கவோ காஞ்சிபுரம் போகிறவர்களுக்கு இந்தக் கட்டுரையில் பெரிதாக ஒன்றும் இல்லை. நாங்கள் போனது ஒரு டம்ளர் டீ குடிக்க. பால் சேர்க்காத, மல்லிகை மணம் ஏற்றிய டீ, விலை பதினைந்து ரூபாய். இதற்காக வேலூரிலிருந்து எழுபது கிலோமீட்டர் போகணுமா என்று என் தம்பி சிரித்தான். அவனிடம் காரணத்தைச் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

என் மனைவி கௌரி வீட்டிலேயே சாம்பார்ப்பொடி, ரசப்பொடி வறுத்து அரைத்து விற்கிறவள். தை மாதம் வந்த காய்ச்சலோடு அவளுக்கு வாசனை போய்விட்டது. டாக்டரிடம் காட்டியும், சித்திரை பிறந்தும் திரும்பவில்லை. தனியா வறுபடும் பதம் அவளுக்கு மூக்கில்தான் தெரியும். இரண்டு ஈடு கருகிப் போனது. பிறகு என்னை அடுப்புப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தாள். என் மூக்குக்கு டீசல் புகையும் சாம்பிராணியும் மட்டும்தான் தெரியும். கடைசியில், "ஞாயித்துக்கெழம எல்லாருக்கும் போன் போட்டு, இனிமே பொடி இல்லன்னு சொல்லிடப் போறேங்க" என்றாள். அதற்கு முன்னால் இந்த டீயைக் குடித்துப் பார்த்துவிடலாம் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். சளி அடைத்த மூக்கில்கூட அதன் வாசம் ஏறும் என்று ஒரு நண்பர் சொல்லியிருந்தார்.

சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு பஸ். தலைக்கு ஐம்பது ரூபாய் ஆனது. முன் சீட்டில் ஒரு பெண் தலை நிறைய மல்லி வைத்திருந்தாள். கௌரி அந்தப் பூவையே பார்த்துக்கொண்டு வந்தாள். திருப்புட்குழி பிரிவைத் தாண்டும்வரை கண்ணை எடுக்கவில்லை. ஏழரைக்கு இறங்கி, டீக்கடை இருக்கும் பிள்ளையார்பாளையத்துக்கு ஆட்டோவில் எண்பது ரூபாய் கொடுத்தோம். பேரம் பேசினால் அறுபதுக்கு வருவார்கள், எனக்கு அன்றைக்குப் பேரம் பேசும் தெம்பு இல்லை.

தெரு முழுக்கத் தறிச் சத்தம். கடை வாசலில் நெசவாளர்கள் நாலைந்து பேர் நின்றபடி குடித்துக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர் சாயங்காலமே மல்லி மொட்டையும் டீத்தூளையும் எவர்சில்வர் டப்பாவில் அடுக்கடுக்காகப் போட்டு மூடிவிடுகிறார். ராத்திரி மொட்டு விரிய விரிய வாசம் தூளில் ஏறுகிறது. காலையில் பூவைச் சலித்து எடுத்துவிட்டு டீ போடுகிறார். அவ்வளவுதான் தொழில் ரகசியம்.

மேசைமேல் ஒரு தட்டில் புதுப் பூ இருந்தது. நான் டீ சொல்வதற்குள் கௌரி அதன்மேல் குனிந்துவிட்டாள்.

"ஏம்மா, மோந்துக்கினு நிக்கிற? அது சாமிக்கு எடுத்து வச்சிருக்குது" என்றார் கடைக்காரர்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கௌரி கூனிக் குறுகி, "தெரியாம பண்ணிட்டேண்ணா" என்றாள். பிறகு என்னிடம் மெதுவாக, "எனக்குத்தான் ஒண்ணுமே வரலையே. அப்புறம் பூ எப்படிங்க எச்சிலாவும்?" என்றாள்.

அவர் கடுகடுவென்று அந்தத் தட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டு இரண்டு டம்ளர் டீ கொடுத்தார். கைக்கு வரும் முன்பே என் மூக்குக்கே மல்லி மணந்தது. கௌரி டம்ளரை மூக்கருகே கொண்டுபோனாள். என்னால் பார்க்க முடியவில்லை, தெருவைப் பார்த்தேன். அவள் ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய் குடித்தாள். டம்ளரை வைக்கும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, இதுல மண்ணெண்ண நாத்தம் அடிக்குது."

"இன்னாம்மா சொல்ற?" கடைக்காரர் கரண்டியை வைத்துவிட்டு முன்னால் வந்தார். "பத்து வருசமா போட்டுக்கினு இருக்கறேன். இத்தினி பேர் குடிக்கிறாங்க, யாரனா ஒருத்தர் சொல்லட்டும் பாக்கலாம்." நெசவாளர் ஒருவர் சந்தேகத்தோடு தன் டம்ளரை முகர்ந்து பார்த்தார். அது கடைக்காரர் கோபத்தை இன்னும் கிளப்பிவிட்டது.

கௌரிக்கு இது எதுவும் காதில் ஏறவில்லை. மறுபடி டம்ளரை எடுத்து முகர்ந்தாள். கண் கலங்கிவிட்டது. "நாறுதுங்க. நெசமாவே நாறுது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாசனை திரும்பும்போது சிலருக்கு முதலில் கோணலாகத்தான் வரும், நல்லது நாறும், அப்படி வந்தால் பயப்படாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். காய்ச்சல், கருகிய தனியா, டாக்டர் சொன்னது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கடைக்காரரிடம் கொட்டினேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். பிறகு சூடாக இன்னொரு டம்ளர் ஊற்றி அவளிடம் நீட்டினார்.

"இத்த குடி. இப்ப எப்படி இருக்குது?"

"இப்பவும் நாறுதுண்ணா."

"நாறட்டும்மா. நல்லா நாறட்டும், குடி."

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள், அதற்குமேல் தூள் தீர்ந்துவிடுகிறது. நூறு கிராம் பொட்டலம் எழுபது ரூபாய், நாங்களும் ஒன்று வாங்கினோம். வீட்டில் பெருங்காயம், மசாலா பக்கத்தில் வைக்காதீர்கள், டீத்தூள் எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும். சாமிப் பூவை முகர்ந்து பார்க்காதீர்கள். மூக்குக்கு இது மருந்து என்று நான் சொல்ல வரவில்லை, அதற்கு டாக்டரைப் பாருங்கள். பொடி வறுக்கும் அளவுக்கு அவள் மூக்கு தேறுமா என்று எனக்கும் தெரியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவள் யாருக்கும் போன் போடவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரர், "மல்லி வாசம் தூக்குதே" என்றார். கௌரி மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்து, முகத்தைச் சுளித்து, மூடினாள். ஆற்காடு வருவதற்குள் இன்னும் இரண்டு தடவை பிரித்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் முகம் சுளித்தால் எனக்குப் பயம். அன்றைக்கு, இன்னொரு தடவை பிரிக்க மாட்டாளா என்று பார்த்துக்கொண்டே வந்தேன்.