காபி வேண்டாம், கோலா பரவாயில்லை

ஆக்லாந்தில் மவுண்ட் ரோஸ்கில் வீட்டுக்கு நாங்கள் குடிவந்த முதல் வாரமே, பக்கத்து வீட்டு சமோவாப் பெண்மணி ஒரு கண்ணாடிப் பாத்திரம் நிறைய நூடுல்ஸ் செய்து எடுத்துக்கொண்டு வந்தார். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். நல்ல உயரம், அதற்கேற்ற குரல். அவர் சிரித்தால் எங்கள் வரவேற்பறை சின்னதாகிவிட்டதுபோல் இருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். புது வீட்டுக்கு முதல் விருந்தாளி. உட்காரவைத்துவிட்டு அடுப்படிக்கு ஓடினேன். என் டிகாஷனைக் குறை சொல்ல இன்னும் ஒருவர் பிறக்கவில்லை என்பது என் நினைப்பு. நுரை பொங்க ஆற்றி, டவரா டம்ளரில் கொண்டுபோய் நீட்டினேன்.

“வேண்டாம் சிஸ், நான் குடிக்கிறதில்ல” என்றார், அதே சிரிப்போடு.

சரி, டீ? அதுவும் வேண்டாமாம். வேறு ஏதாவது? “சிரமப்படாதீங்க” என்று எழுந்துவிட்டார். வழியனுப்பிவிட்டு உள்ளே வந்து ஜன்னல் வழியாகப் பார்த்தால், அம்மணி தெருவில் நிறுத்தியிருந்த தன் காருக்குள் கையை விட்டு ஒரு கோலா டின்னை எடுத்து, என் வீட்டு வாசலிலேயே நின்று, கடகடவென்று குடித்துக்கொண்டிருந்தார்.

எனக்குச் சுரீர் என்றது. ஏன் என்று சொல்ல வேண்டும். ஊர் எங்களைத் தாழ்ந்த சாதி என்று சொல்லும். அப்பாவுக்குத் திருச்சியில் ரயில்வே அலுவலகத்தில் வேலை, ரயில்வே குடியிருப்பில் வீடு. அலுவலகத்திலிருந்து யாராவது ஏதாவது வேலையாக வீட்டுக்கு வருவார்கள். அம்மா காபி போட்டுக்கொண்டு வந்து வைப்பாள். அவர்கள் மிக மரியாதையாக, “இப்பத்தாங்க குடிச்சிட்டு வந்தேன்” என்பார்கள். எத்தனை பேர் வந்தாலும் எல்லோரும் இப்பத்தான் குடித்துவிட்டு வந்திருப்பார்கள். காபியில் ஏடு படியும். அவர்கள் போனதும் அப்பா அந்த ஆறிப்போன காபியை எடுத்துத் தானே குடித்துவிடுவார். “சூடா இருந்தா எனக்கு நாக்கு பொள்ளிடுது” என்பார். மற்ற வேளைகளில் அவருக்குக் கொதிக்கக் கொதிக்கத்தான் வேண்டும். அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசியதில்லை.

சமோவாவில் பிறந்த ஒருவருக்கு என் சாதி எப்படித் தெரியும்? தெரியாது. அது எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் மண்டைக்குத் தெரிந்தது வயிற்றுக்குத் தெரியவில்லை. கடல் தாண்டி ஆக்லாந்துவரை வந்தும் என் வீட்டுக் காபியை ஒருத்தி தொடாமல் எழுந்துபோய், தன் டின்னிலிருந்து குடிக்கிறாள். கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. மறுநாள் அவருடைய பாத்திரத்தைக் கழுவித் துடைத்து, வெறுமனே திருப்பிக் கொடுத்தேன். ஒரு வாழைப்பழம்கூட வைக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பாத்திரத்தை நம் ஆட்கள் ஒருநாளும் வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள் அல்லவா? என்னால் முடிந்த மிகப் பெரிய அவமரியாதை அது. அவரோ, “அடடா, என்ன சுத்தமா கழுவியிருக்கீங்க!” என்று நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார். என் ஆயுதம் அந்த ஊரில் செல்லாது.

பிறகு சில வாரம் வேலிக்கு மேலே ஒரு தலையாட்டல், அவ்வளவுதான். ஒருநாள் நான் முணுமுணுத்துக்கொண்டிருந்ததைக் கேட்டு, என் மகள் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் ஆங்கிலத்தில் சொன்னாள்: அம்மா, அவங்க மார்மன்கிற கிறிஸ்தவ சபை. அவங்க சபையில் யாரும் காபி, டீ குடிக்க மாட்டாங்க. இதுகூடத் தெரியாதா?

தெரியாது. தெரிந்ததும் நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை, வேறொரு எரிச்சல் வந்தது. நான் பக்கத்தில் த்ரீ கிங்ஸ் என்ற இடத்தில் ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்ட். கஃபீன் எதில் இருக்கிறது, உடம்பை என்ன செய்கிறது என்று தினம் நாலு பேருக்குச் சொல்பவள். காபி ஆகாது, கோலா ஆகுமா? இது என்ன நியாயம்? சனிக்கிழமை அவர் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கும்போது வேலியருகே போய் நேராகவே கேட்டுவிட்டேன்.

அவர் இடுப்பில் கைவைத்துச் சிரித்தார். “எல்லாரும் இதைத்தான் கேப்பாங்க. கஃபீன்னு யாரு சொன்னா? எங்க வேதத்துல அந்த வார்த்தையே கிடையாது.”

பிறகு சொன்னார். ஏறக்குறைய இருநூறு வருடத்துக்கு முன், அமெரிக்காவில், அவர்களுடைய முதல் தீர்க்கதரிசிக்கு ஒரு வாக்கு அருளப்பட்டதாம். மது கூடாது, புகையிலை கூடாது, சூடான பானங்கள் கூடாது. சூடான பானம் என்றால் காபியும் டீயும்தான் என்று அந்தக் காலத்துத் தலைவர்களே விளக்கிவிட்டார்கள். முதலில் அறிவுரையாக இருந்தது, பிற்பாடு கட்டளையாயிற்று. கஃபீனைப் பற்றி அதில் பேச்சே இல்லை. கோலாவையும் தொடாதவர்கள் அவர்களுக்குள் உண்டு. அது அவரவர் விருப்பம்.

“அப்ப ஐஸ் போட்ட காபி? அது சூடா இல்லையே” என்று மடக்கினேன்.

“கூடாது. காபி காபிதான்.”

“கொதிக்கிற பால்ல கலக்குற மைலோ?”

“அதுக்கென்ன, தாராளமா.”

“ரசம்? கொதிக்கக் கொதிக்க டம்ளர்ல ஊத்திக் குடிப்போம்.”

“அது என்னன்னு தெரியல, ஆனா குடிச்சுப் பாக்கணும்.”

“க்ரீன் டீ உடம்புக்கு நல்லதுன்னு டாக்டரே சொல்றாங்களே?”

“சொல்லட்டும். அதுவும் டீதானே.”

எனக்குப் பொறுக்கவில்லை. “சரி, காரணம்தான் என்ன? காபியில அப்படி என்ன கெடுதல் இருக்கு?”

அவர் ஒரு போர்வையை உதறி, கொடியில் போட்டு, கிளிப் மாட்டினார். “எனக்குத் தெரியாது சிஸ். உடம்புக்குன்னு சிலர் சொல்வாங்க. இருக்கலாம். நான் ஞானஸ்நானம் எடுத்தப்ப குடிக்க மாட்டேன்னு வாக்குக் கொடுத்தேன். எங்க கோயிலுக்குள்ள போகணும்னா, அதைக் காப்பாத்துறியான்னு கேப்பாங்க. ஆமான்னு சொல்லணும். பொய் சொல்லிட்டு என்னால உள்ள போக முடியாது.”

காரணம் தெரியாமல் ஒன்றைச் செய்வது எனக்குப் பிடிக்காது. உடம்பெல்லாம் கேள்வி எனக்கு. இன்னும் நாலு வார்த்தை சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அவர், கேட்கலாமா வேண்டாமா என்று தயங்குகிறவர்போல, “உங்ககிட்ட ஒரு உதவி கேக்கணும்” என்றார்.

“என்ன?”

“காலையில காபி போடறப்ப, அந்த சமையலறை ஜன்னலை மூடிடாதீங்க.”

அவர் இந்தச் சபையில் பிறந்தவர் இல்லை. முப்பது வயதுக்கு மேல்தான் சேர்ந்திருக்கிறார். அதற்கு முன் ஊருக்குள் ஒரு கஃபேயில் காபி போடுவதுதான் வேலையே. கையில் எடுத்துப் பார்த்தே கொட்டை எப்போது வறுத்தது என்று சொல்வாராம். ஒரு நாளைக்கு ஐந்து, ஆறு குடித்த ஆள். விட்டு வருஷக்கணக்கில் ஆகிறது. தினமும் என் டிகாஷன் இறங்கும் நேரம் பார்த்துத்தான் துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே வருகிறார். “வாசனைக்குத் தடை இல்ல” என்று கண்ணடித்தார்.

அன்று நான் நீட்டிய டம்ளரிலிருந்து இந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டதாகவல்லவா நினைத்தேன்? அத்தனை ஆசையை வைத்துக்கொண்டு, யாரும் பார்க்காத வீட்டில், ஒரு வாய் குடித்தால் எந்தச் சபைக்குத் தெரியப்போகிறது என்ற இடத்தில், சிரித்துக்கொண்டே வேண்டாம் என்றிருக்கிறார். எனக்குப் பக்தி கிடையாது. கோயிலுக்குப் போனாலும் செருப்பு பத்திரமாக இருக்கிறதா என்றுதான் யோசிப்பேன். ஆனால் அன்று அந்தத் துணிக்கொடிக்கு முன்னால் எனக்குப் புல்லரித்தது, அதை மறைக்க மாட்டேன்.

அதற்குப் பிறகு பலநாள் அதையே யோசித்தேன். இதைத் தொடாதே, அதைத் தின்னாதே என்ற சட்டமெல்லாம் எனக்குச் சிறு வயதிலிருந்தே வேம்பு. எனக்குத் தெரிந்த சட்டம் எல்லாம் இன்னொருத்தரைத் தள்ளிவைக்கப் போட்டவை. இவர் கையால் வாங்காதே, இவர் வீட்டில் குடிக்காதே. அதே காபியை அவர்கள் தங்கள் வீட்டில் போய்ச் சப்புக்கொட்டிக் குடிப்பார்கள். இந்த அம்மாளின் சட்டமோ யார் மேலும் விழவில்லை, அவர் மேல் மட்டும்தான் விழுகிறது. காபி யார் போட்டது என்று அது கேட்பதே இல்லை. இப்படி ஒரு விலக்கு உலகத்தில் உண்டு என்று இத்தனை வயதுக்குமேல் ஒரு வேலி ஓரத்தில்தான் எனக்குத் தெரியவேண்டியிருந்தது. வியப்பு அடங்கவே இல்லை. ரசம் கொடுத்தேன், இரண்டாவது டம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தார்.

போன வருடம் அப்பா விசிட்டர் விசாவில் வந்தார். அம்மா போனபின் தனியாக இருந்தவர். வந்த இரண்டாம் நாளே அடுப்படியைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டார். காபி இனி அவர்தான் போடுவாராம். பக்கத்து வீட்டு அம்மாள், “உங்க அப்பாவைப் பாக்க ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிஞ்சு வரேன்” என்று சொல்லியனுப்பினார்.

அந்த அம்மாள் வந்து காபி வேண்டாம் என்பார். அப்பா அதை என் வீட்டில், இந்த வயதில், இன்னொரு முறை கேட்க வேண்டும். முன்கூட்டியே அப்பாவிடம் விளக்கலாமென்றால், விளக்கம் என்றாலே அவர் புன்னகைத்துவிடுவார். வாழ்நாள் முழுக்க எத்தனை விளக்கம் கேட்டவர்! அந்த அம்மாளிடம், இப்பத்தான் குடித்தேன் என்று ஒப்புக்குச் சொல்லச் சொல்லலாமா என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். என்ன நினைத்தேன் என்று புரிந்தபோது உடம்பு கூசியது. கடைசியில், வந்ததும் வராததுமாக மைலோவை நீட்டிவிடுவது என்று முடிவு செய்தேன்.

ஞாயிறன்று அந்த அம்மாள் வந்து உட்கார்ந்ததும், மைலோவுக்குப் பால் காய்ந்துகொண்டிருக்கும்போதே அப்பா முந்திக்கொண்டார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் டவராவைப் பிடித்து, அவர் முன்னால் போய் நின்றார்.

அந்த அம்மாள் எழுந்து நின்று வாங்கினார். வாங்கி, கண்ணை மூடி, ஆழமாக முகர்ந்தார். பிறகு என்னைப் பார்த்து, “அவருக்குச் சரியா சொல்லுங்க. இவ்வளவு நல்ல காபி நான் பாத்து ரொம்ப வருஷமாச்சு. குடிக்கணும்னு ஆசையா இருக்கு. ஆனா குடிக்க மாட்டேன்னு கடவுளுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்” என்றார். டம்ளரை அப்பாவின் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

நான் ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன். அப்பா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்படியா” என்றார். உட்கார்ந்து, காபியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். நம்பினாரா என்று எனக்குத் தெரியவில்லை. அப்பாவின் முகம் திருச்சியில் பார்த்த அந்தக் காலத்து முகமாகவே இருந்தது.

நான் அவசரமாகத் தட்டில் கார முறுக்கை நீட்டினேன். இரண்டாவது கடியிலேயே அந்த அம்மாளுக்குப் புரையேறிவிட்டது. கண்ணில் தண்ணீர் தாரை தாரையாக. நான் தண்ணீருக்கு ஓடுவதற்குள் அவரே, அப்பா குடித்துப் பாதி வைத்திருந்த தண்ணீர் டம்ளரை எட்டி எடுத்து, உதடு வைத்து, மடமடவென்று குடித்தார். பாதியில் நிறுத்தி, “ஐயோ, இது உங்களோடதா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். அப்பாவுக்கு அந்த அளவு ஆங்கிலம் தெரியும். தலையாட்டினார். அந்த அம்மாள் சிரித்துவிட்டு மிச்சத்தையும் குடித்து முடித்தார்.

அப்பா காலி டம்ளரை வாங்கிக்கொண்டார். என் பக்கம் திரும்பவே இல்லை.

“இன்னும் வேணுமான்னு கேளும்மா” என்றார்.