பிரிக்க முடியாத கூடம்

என் தங்கையைக் கட்டியவர் தச்சர். ஒரு காலத்தில் கதவு, அலமாரி, கட்டில் என்று மனிதர்களுக்கு வேண்டியதைச் செய்துகொண்டிருந்தார். எங்கள் பகுதிக்குக் கல்லூரி வந்த பிறகு தடுப்பு மட்டும்தான். ஒரு வீட்டைக் காட்டினால் போதும், பலகை அடித்து ஏழு அறையாக்கிக் கொடுத்துவிடுவார். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘தடுப்பு அங்கிள்’. அதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை.

அவருடைய கைவரிசையைச் சொல்ல வேண்டும். தடுப்பை ஜன்னலின் நடுவில் கொண்டுவந்து நிறுத்துவார். ஆளுக்கு ஒரு பக்கக் கதவு. மின்விசிறி இருந்தால் பலகையைக் கூரைவரை ஏற்றாமல் விட்டு, ஒரே காற்றை இரண்டு வாடகைக்கு விற்க வழி செய்வார். இந்த அறையில் ஒருவன் தும்மினால் அடுத்த அறைக்காரன் முகத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இப்படி அவர் அடித்த பலகைகளில் எங்கள் தெருவே காணாமல் போனது. ஏழு பேர் தரும் வாடகைக்கு முன்னால் ஒரு குடும்பம் எந்த மூலைக்கு? ஒவ்வொரு வீடாகக் காலி செய்யச் சொன்னார்கள். தெருமுனைப் பள்ளியில் பிள்ளைகள் குறைந்து இரண்டு வகுப்புகளை ஒன்றாக்கினார்கள். மளிகைக்காரர் பருப்பு மூட்டையை ஓரங்கட்டிவிட்டு சார்ஜர் வயரைத் தொங்கவிட்டார். மாணவர்களைக் குறை சொல்ல மாட்டேன். தங்கை வழுக்கி விழுந்தபோது ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது எதிர்வீட்டுப் பையன்கள்தான். மாப்பிள்ளை அப்போது எங்கேயோ பலகை அடித்துக்கொண்டிருந்தார். ஆனால் பரீட்சை முடிந்தால் அவர்கள் போய்விடுவார்கள். ஒரு முகம் பழகுவதற்குள் வேறு முகம் வந்துவிடும்.

கடைசியில் குடும்பம் என்று மிஞ்சியது என் வீடும் தங்கை வீடும்தான். என்னுடையது சொந்த வீடு. அவர்களுடையது வாடகை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் இருந்த வீடு. அதை விட்டால் சுற்றுவட்டாரத்தில் குடும்பத்துக்கென்று ஒரு வீடு கிடையாது, அத்தனையையும் அவள் புருஷனே பிரித்துவிட்டார். அதனால் வீட்டுக்காரர் பார்க்க வருகிறார் என்றதும் தங்கை என் வீட்டுக்கு ஓடிவந்தாள். துணைக்கு என்னையும் வரச் சொன்னாள்.

வீட்டுக்காரர் கூடத்தின் நடுவில் நின்று சுற்றிப் பார்த்தார்.

“பசங்களுக்கு விடலாம்னுதான் நினைச்சேன். போட்டோவ வேற ஒரு கார்பென்டர்கிட்ட காட்டினேன். ஒரே ஜன்னல், நடுவுல தூண் வேற, இந்தக் கூடத்தைப் பிரிக்கவே முடியாதுன்னுட்டாரு. அதனால நீங்களே இருங்க.”

சமையலறை வாசலில் நின்றிருந்த தங்கைக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. எனக்கும் வந்தது. மாப்பிள்ளைக்கு வந்தது கோபம்.

“யாரு சொன்னது முடியாதுன்னு?”

“விடுங்க மாப்பிள்ளை,” என்றேன்.

“எப்படி விடறது மச்சான்? தொழில் தெரியாதவன் எவனோ சொல்லிட்டுப் போயிருக்கான்.” காதில் செருகியிருந்த பென்சில் கைக்கு வந்துவிட்டது. மண்டியிட்டுத் தரையில் கோடு போட ஆரம்பித்தார். “தூண் எதுக்கு சார் இருக்கு? பலகையே அதுலதான நிக்கணும். இப்படிக் குறுக்கால ஒண்ணு, இந்தப் பக்கம் வழி. நாலு ரூம் வருது பாருங்க.”

தங்கை கரண்டியால் கதவைத் தட்டினாள். நான் காசநோய் வந்தவன்போல இருமினேன். எதுவும் அவர் காதில் ஏறவில்லை. சமையலறையையும் அளந்து ஐந்தாவது அறையைக் கண்டுபிடித்தபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அவருடைய கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை.

அடுத்த மாதமே வேலையை ஆரம்பித்துவிடலாம் என்று கையைக் குலுக்கிவிட்டு வீட்டுக்காரர் கிளம்பினார். அப்போதும் இந்த மனுஷனுக்கு உறைக்கவில்லை. தங்கை வந்து கோடுகளுக்கு நடுவில் நின்றாள்.

“அஞ்சு ரூம் போட்டிருக்கீங்க. நம்ம கட்டில் எதுல வரும்?”

அவர் டேப்பை நீட்டி அளந்து பார்த்தார். “நம்ம கட்டில் நுழையாது. ஒத்தக் கட்டில்தான்...” என்றவர் பாதியில் நின்றுவிட்டார். அவள் இரண்டு அறை விட்டிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். உள்ளே போய்ப் பாத்திரங்களை மூட்டை கட்ட ஆரம்பித்தாள்.

இப்போது இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில் இருக்கிறார்கள். தங்கையைப் பார்க்க வேண்டுமென்றால் எனக்கு ஒரு பகல் முழுக்கப் போய்விடுகிறது. பழைய வீட்டைப் பிரிக்கிற வேலையை வேறு யாருக்கும் விடாமல் மாப்பிள்ளையே தினமும் வந்து செய்தார். கடைசிப் பலகை ஏறிய அன்று, வயிற்றெரிச்சல் தீர நாலு வார்த்தை கேட்டுவிடலாமென்று போனேன். ஐந்தாவது அறைக்குள் கால்களை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“நான் பிரிச்சதுலயே இதுதான் மச்சான் சுத்தமா வந்திருக்கு,” என்றார். சொல்லிவிட்டு விக்கி விக்கி அழுதார். அழுகிற ஆளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. கட்டிப்பிடித்து ஆறுதல் சொல்லலாமென்றால், அந்த அறைக்குள் இரண்டாவது ஆளுக்கு இடமில்லை.