ஏற்றத்துக்கு மட்டும் திறக்கும் குழாய்

மயிலைத் தேராகக் கொண்ட பெருமானே, நடக்க வல்லாரையும் மாட்டாரையும் ஒருபடித்தாய் உன் வாயிலுக்கு அழைப்பவனே, உன் அடி போற்றித் தொடங்குகிறேன்.

அன்று வைகாசி விசாகம், அறுபதுகளின் நடுப்பகுதி. கடுங்காய்ச்சலுக்குப் பின் என் மனைவியின் வலக்கால் மெலிந்து, மடக்க முடியாமற் போய் ஓராண்டு ஆகியிருந்தது. பிழைத்தெழுந்தால் குன்றின் மேல் நின்ற குமரனைக் கண்ணாரக் கண்டு தொழுவதாகப் படுக்கையிலேயே நேர்ந்துகொண்டவள் அவள். படியேற இயலாது. டோலி வைக்கலாம் என்றேன்.

"நாலு பேரு தூக்கறது கடைசீலதானுங்க மாமா. அதுக்கு இன்னும் நாளிருக்குது" என்று முடித்துவிட்டாள்.

குன்றேறும் ஜீப்பின் படியோ அவள் காலுக்கு எட்டாத உயரம். எஞ்சியது என் கார். தேயிலைத் தோட்டத்தை விட்டுச் சீமைக்குத் திரும்பிய துரை ஒருவரிடம், என் பனியன் கம்பெனி நன்றாக ஓடிய ஒரு வருஷத்து மமதையில் நான் வாங்கிய இருவர் அமரும் பந்தயக் கார். தரையோடு ஒட்டிய அதன் உருவைக் கண்டு ஊரார் 'செருப்பு' என்று பெயரிட்டிருந்தனர். அந்தத் தாழ்வே எங்களுக்கு அருளாயிற்று. பாயில் அமர்வதுபோல் அவள் அதில் அமர்ந்துவிடுவாள்.

ஆனால் குன்றுக்குக் கல் ஏற்ற வெட்டிய மண்பாதை செங்குத்தானது. நம் ஊர்ப் பெட்ரோல் அந்தச் சீமை எஞ்சினுக்குத் தரம் போதாது. ஏற்றத்தில் உள்ளே சுத்தியலால் அடிப்பதுபோல் தட்டும், இழுவை குறையும். என் மனைவியின் அண்ணன், பின்னல் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருந்தவர், இதற்கு ஒரு வழி கண்டார். ஒரு தகரப் புட்டியில் தண்ணீரும் ஸ்பிரிட்டும் சரிபாதி. அதிலிருந்து செப்புக் குழாய். அதன் நுனியில், எஞ்சினுக்குப் பெட்ரோலும் காற்றும் கலந்து தரும் கார்பரேட்டரின் வாயில், ஊசி மருந்து போடும் ஊசி. குழாயைத் திறந்தால் எஞ்சின் அதைப் பனியாய் உறிஞ்சிக் குளிரும், தட்டாது. அதை நம்பி, இழுவை கூடும்படி எஞ்சினைக் கூர்மையாகத் திருத்தி வைத்தார். ஏற்றத்தில் மட்டும் திறக்க வேண்டிய அந்தக் குழாய், என் மனைவியின் கைக்கெட்டும் இடத்தில் இருந்தது.

"பேட்டரிக்கு ஊத்தற தண்ணி மட்டுந்தானுங்க மாப்பிள்ளை. நம்மூர் உப்புத்தண்ணி ஆகாது" என்று இருமுறை சொல்லிப் போனார்.

நானோ, புறப்படுமுன் எங்கள் தெருக் கோயிலின் அபிஷேகத் தீர்த்தத்தைப் புட்டியில் சேர்த்தேன். திருநீறு கலந்திருக்குமே என்று, அன்று பின்னல் இயந்திரத்திலிருந்து இறங்கிய எங்கள் புதுப் பனியன் துணியில் மும்முறை வடிகட்டினேன். நம் துணியை விட நம்பத்தக்கது உலகில் வேறேது?

மூன்றாம் வளைவில் எஞ்சின் தட்டத் தொடங்கியது. "திறந்துதானுங்க இருக்குது!" என்றாள் அவள். கார் முனகி நின்றது. மோட்டார் சைக்கிளில் பின்தொடர்ந்த மச்சான் ஓடிவந்து சக்கரத்துக்குக் கல் வைத்தார். ஊசியைக் கழற்றி உள்ளங்கையில் தட்டினார். வெள்ளைப் பஞ்சுத் துணுக்குகள்.

"இது என்னங்க மாப்பிள்ளை?"

தீர்த்தம் என்றேன். வடிகட்டியதையும் சொன்னேன். அவர் உள்ளங்கையைத் தட்டி உதறினார்.

"முருகன் மலைமேல இருக்காருங்க. கார்பரேட்டருக்குள்ள இல்லீங்க."

"தீர்த்தத்துல ஸ்பிரிட்டக் கலந்த மொத பக்தர் எங்கூட்டுக்காரருதாண்ணா" என்றாள் என் மனைவி. சிரித்தாலும் அவள் கண்கள் மேலே, கோபுரத்தின் மீதே இருந்தன. இனித் திரும்பிவிடலாம் என்று நான் வாயெடுக்கக் கூசினேன்.

மச்சான் ஊசியை வாயால் ஊதித் துடைத்தார். புட்டியிலிருந்ததை மரத்தடியில் கொட்டினார். அவருடைய கருவிப் பெட்டியில் ஸ்பிரிட் இருந்தது, நல்ல தண்ணீர் இல்லை. அப்போது அவள் மடியிலிருந்த பிளாஸ்கை நீட்டினாள். காய்ச்சலுக்குப் பின் அவள் காய்ச்சி ஆறவைத்த நீர் தவிர வேறு பருகுவதில்லை.

"உனக்குத் தாகத்துக்கு?" என்றார் மச்சான்.

"மேல போய்க் குடிச்சுக்கறேன். ஊத்துண்ணா."

"ஒரு ஏத்தத்துக்குத் தாங்கும். இதுக்கு மேல தீர்த்தம் ஏதும் வேண்டாமுங்க மாப்பிள்ளை."

கார் உறுமிற்று. கடைசி வளைவு சுவர்போல் எழுந்தபோது, நான் சொல்லுமுன்பே அவள் குழாயைத் திறந்துவிட்டாள். தட்டும் ஓசை அடங்கியது. முதுகில் யாரோ கை வைத்து உந்தியதுபோல் கார் ஏறியது. மேலே எஞ்சினை அணைத்தபோது புட்டியில் இரண்டு விரல் உயரமே மிச்சம்.

கார்க் கதவிலிருந்து சன்னதி வரை, என் தோளில் ஒரு கையும் அண்ணன் தோளில் ஒரு கையுமாக அவள் நடந்தாள். தூக்கியவர் எவருமில்லை. தீபாராதனை முடிந்ததும் குருக்கள் தந்த தீர்த்தத்தை அவள் முதலில் அண்ணனுக்கு வார்க்கச் சொன்னாள். பிறகுதான் தானும் அருந்தினாள். அன்றைய அவளது முதல் மடக்கு அது.

தீர்த்தத்தின் இடம் நாவென்றும், எஞ்சினுக்குரியது எதுவென்று அறிந்தவர் சொல்லைக் கேட்பதும் வழிபாடே என்றும் எனக்கு அன்று விளங்கிற்று. அறிவைக் கையிலும் அன்பை நெஞ்சிலும் வைத்திருந்த அம்மனிதருக்கு நான் இன்றும் கைகூப்புகிறேன்.

இதைப் படிக்கும் அனைவரும் தத்தம் செங்குத்தான வளைவில் உந்தும் கையொன்று பெற்று, நோய் நீங்கி, நினைத்த வாயிலை அடைந்து நெடிது வாழ்க.